திறந்திருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், யூபிஐ பின் தெரியாமலே பணம் எடுத்திருக்கிறார்கள். எப்படி?

பரங்கிமலைப்பையன்

போன வாரம் தம்பியின் போன் போய்விட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்ரயில், சாயங்கால நேரம், படிக்கட்டுப் பக்கம் நின்று கிரிக்கெட் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். கிண்டியில் வண்டி கிளம்பி வேகம் எடுக்கும்போது பிளாட்பாரத்தில் நின்றவன் கையில் ஓங்கித் தட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். போன் போனதைக்கூட விடுங்கள், பதினாலாயிரம் ரூபாய் போன், இரண்டு வருடம் உழைத்துவிட்டது. பிடுங்கும்போது அது திறந்தே இருந்ததுதான் வினை. இவன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பி வந்து தேடி, அப்புறம் வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லி, சிம்மை நிறுத்தச் சொல்லிப் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் சம்பளக் கணக்கிலிருந்து 4,900 ரூபாயாக நான்கு தடவை, மொத்தம் 19,600 போயிருக்கிறது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். யூபிஐ பின் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. லேப்டாப்பில் மின்னஞ்சலைத் திறந்தால் "உங்கள் யூபிஐ பின் மாற்றப்பட்டது" என்று வங்கியிலிருந்து வந்து கிடக்கிறது. கிளையில் போய்க் கேட்டால் "சரியான பின் போட்டுத்தான் பணம் போயிருக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். வங்கிப் பெயர் வேண்டாம். இது எப்படி நடந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று

முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தீர்களா? அடிக்கவில்லை என்றால் இந்த இழையை மூடிவிட்டு அதைச் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்கில் நிற்கும்போதே சொன்னால்தான் அங்கேயே முடக்குவார்கள், அங்கிருந்தும் எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

பரங்கிமலைப்பையன்

அன்றைக்கு ராத்திரியே அடித்துவிட்டோம் அண்ணா. புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதும் வாங்கியாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை

முப்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி. தம்பியின் போனில் டெபிட் கார்டைப் படம் எடுத்து வைத்திருந்தாரா?

பரங்கிமலைப்பையன்

கேட்டேன் சார். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்திருக்கிறான். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். ஆதாரும் அங்கேதான் இருந்ததாம். "அவசரத்துக்கு உதவும்னு வெச்சிருந்தேன்" என்கிறான்.

கணக்குப்பிள்ளை

உதவியிருக்கிறது, வேறு ஆளுக்கு.

யூபிஐ பின்னை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. பணம் அனுப்பும் செயலியில் "பின் மறந்துவிட்டது" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி மாதம் வருடமும் கேட்கும், பிறகு ஓடிபி வரும். ஓடிபி எங்கே வரும்? அதே போனில் உள்ள அதே சிம்முக்கு. சில வங்கிகள் கூடவே ஏடிஎம் பின்னையும் கேட்கும், எல்லோரும் கேட்பதில்லை. கார்டு இல்லாவிட்டாலும் ஆதாரின் முதல் ஆறு இலக்கத்தைப் போட்டு ஓடிபி வாங்கும் வழி ஒன்று உண்டு. ஆக, திறந்த போன், உள்ளே சிம், கேலரியிலோ வாட்ஸ்அப்பிலோ கார்டு படம், இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் பழைய பின் எதற்கு? புதிதாக ஒன்றை அவனே வைத்துக்கொள்வான். வங்கியின் கணினிக்கு அது "சரியான பின்" தான்.

இரகசியம் என்று நாம் நினைக்கும் நான்கு அல்லது ஆறு இலக்கத்தைக் கட்டிக் காக்கிறோம், அதை மாற்றும் சாவியைப் படம் பிடித்துப் பக்கத்திலேயே தொங்கவிடுகிறோம். நான் பணியில் இருந்தபோதே இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன், யார் கேட்டார்கள்.

இப்போது கிளையில் சொன்ன பதிலுக்கு வருகிறேன், ஏனென்றால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதைச் சொல்வது. வங்கியின் தவறும் இல்லை, வாடிக்கையாளர் தவறும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குப் பொறுப்பே இல்லை. வாடிக்கையாளர் பின்னை யாரிடமாவது சொன்னது மாதிரி கவனக்குறைவு இருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது அவர் தலையில், புகாருக்குப் பிறகு போவது வங்கியின் தலையில். இதில் எது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு. வாயால் "நீங்கள்தான் பின் போட்டீர்கள்" என்று சொல்லி அனுப்ப முடியாது. எழுத்தில் புகார் கொடுங்கள், அத்தாட்சி வாங்குங்கள், சிஎஸ்ஆர் நகலும் 1930 புகார் எண்ணும் இணையுங்கள். பின் மாற்றப்பட்ட நேரம், போன் பறிபோன நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே எழுதலாம், காசு கிடையாது. கார்டைப் படம் எடுத்து வைத்ததையே கவனக்குறைவு என்று அவர்கள் வாதாடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பணம் முழுதாக வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

தயிர்சாதம்

இதற்குத்தான் நான் இன்னும் பொத்தான் போன் வைத்திருக்கிறேன். டீக்கடையில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு க்யூஆர், பூக்காரம்மாவிடம் ஒரு க்யூஆர். காசைச் சட்டைப் பையில் வைத்தால் போனால் அந்தக் காசோடு போகும். சம்பளம் முழுவதையும் எடுத்துக்கொண்டு ரயில் படிக்கட்டில் நிற்பார்களா யாராவது?

நீலகிரித்தைலம்

தயிர்சாதம் அண்ணா, நீங்கள் ஓய்வு பெற்றவர் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஆட்டோ அண்ணனிடமே சில்லறை இல்லை, "ஜிபே பண்ணிடும்மா" என்கிறார். ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. நான் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். சம்பளம் வரும் கணக்கை எந்தச் செயலியிலும் சேர்க்கவே இல்லை. இன்னொரு வங்கியில் சின்னக் கணக்கு, அதற்கு மாதம் ஐயாயிரமோ ஆறாயிரமோ மாற்றுவேன், யூபிஐ எல்லாம் அதில்தான். என்ன போனாலும் அதோடு போகும். என் அப்பா செலவுக்குத் தனி உறை போட்டு பீரோவில் வைப்பார், கிட்டத்தட்ட அதேதான்.

சோல்டரிங்கம்பி

மதுரையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக. என் பங்குக்குக் கொஞ்சம் சொல்கிறேன், சக கடைக்காரர்கள் திட்டினாலும் பரவாயில்லை.

ஒரு நாளைக்குப் பத்துப் போன் ரிப்பேருக்கு வந்தால் எட்டுப் பேர் கேட்காமலே லாக்கைச் சொல்லிவிடுகிறார்கள். பில்லின் பின்னால் ஒன்பது புள்ளி வைத்து, கோலம் மாதிரி, பேட்டர்ன் கோட்டை வரைந்தும் கொடுப்பார்கள். அந்தப் பில்லோடு போன் இரண்டு நாள் மேசையில் கிடக்கும். நான் யோக்கியன், கடையில் வேலை பார்க்கும் பையன்களும் யோக்கியர்கள்தான், ஆனால் நீங்கள் எங்களை அதற்கு முன்பு பார்த்ததே இல்லையே. டிஸ்ப்ளே மாற்ற, பேட்டரி மாற்ற, சார்ஜ் ஏறும் போர்டு மாற்ற, லாக் வேண்டவே வேண்டாம். சாம்சங்கில் பராமரிப்பு முறை என்று ஒன்று 2022 முதல் இருக்கிறது, போட்டுவிட்டால் உங்கள் படம், செய்தி, செயலி எதுவும் எங்களுக்குத் தெரியாது, போன் புதிது மாதிரி திறக்கும், வேலை முடிந்ததும் நீங்கள் உங்கள் லாக் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். பிக்சலிலும் ரிப்பேர் முறை வந்துவிட்டது. வேறு போன் என்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள், லாக் கேட்டால் முன்னால் நின்று நீங்களே திறந்து காட்டுங்கள்.

பேட்டர்ன் பற்றி இன்னொன்று. கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் விரல் போன தடம் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். பாதிப் பேர் போடுவது எல் அல்லது இசட். பஸ்ஸில் பின்னால் நிற்பவனுக்கே தெரிந்துவிடும், நான்கைந்து தடவை பார்க்க வேண்டியதுகூட இல்லை. ஆறு இலக்கப் பின் போடுங்கள், பிறந்த வருடம் இல்லாமல்.

வைகைக்கரை

சிம்முக்குப் பின் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடுமே, யாரும் சொல்லவில்லையே?

சோல்டரிங்கம்பி

தீராது தலைவரே. சிம் பின் கேட்பது போனை அணைத்துப் போடும்போதும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போடும்போதும். பரங்கிமலைத் தம்பியின் போன் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கப்பட்டது, சிம் ஏற்கெனவே திறந்தாயிற்று, ஓடிபி தாராளமாக வரும்.

ஆனால் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டிய போன் திருடுபோனால் திருடன் முதலில் செய்வது சிம்மைப் பிடுங்கித் தன் போனில் போடுவது. அதற்கு இது நல்ல தடுப்பு. கம்பெனி வைத்திருக்கும் ஆரம்ப எண் என்ன என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள், குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். மூன்று தடவை தப்பானால் சிம்மைத் திறக்கும் பியூகே எண் கேட்கும், அதையும் பத்துத் தடவை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும். இதற்காகவே மாதம் ஒருவர் கடைக்கு வருகிறார்.

வைகைக்கரை

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஆப் லாக்? பிளே ஸ்டோரில் நிறைய இருக்கிறதே.

மின்மினி_72

அந்தக் கண்ட கண்ட ஆப் லாக்குகளை இறக்காதீர்கள். திரையில் இருப்பதை எல்லாம் பார்க்கும் அனுமதியைக் கேட்கும், திருடனுக்குப் பயந்து இன்னொருவனை வீட்டுக்குள் விட்ட கதைதான். போனிலேயே வருவது போதும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செயலிப் பூட்டு அமைப்புகளுக்குள் இருக்கிறது, ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் பெரும்பாலான செயலிகளை முகத்தைக் காட்டித் திறக்கிற மாதிரி வைக்கலாம். பணம் அனுப்பும் செயலிகளில் உள்ளேயே திரைப்பூட்டு ஒன்றும் உண்டு. தம்பி அதை அணைத்து வைத்திருந்தாரா?

பரங்கிமலைப்பையன்

ஆமாம். "ஒவ்வொரு தடவையும் விரல் வைக்கச் சொல்லுது, கடையில நிக்கும்போது எரிச்சலா இருக்கு" என்று அணைத்திருக்கிறான்.

மின்மினி_72

அந்த எரிச்சலை அவர் பொறுத்திருக்கலாம். பூட்ட வேண்டியது ஜிபேயை மட்டும் என்று நினைக்காதீர்கள். எஸ்எம்எஸ் செயலி, மின்னஞ்சல், கேலரி, வாட்ஸ்அப், இந்த நான்கையும் சேர்த்துப் பூட்டுங்கள். மின்னஞ்சல் திறந்தால் பாதிக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றலாம், எஸ்எம்எஸ் திறந்தால் மீதி. செய்தி வரும்போது மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பில் ஓடிபி தெரியாதபடி அதன் உள்ளடக்கத்தையும் மறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எஸ்எம்எஸ்ஸைப் பூட்டியே பயனில்லை. யூபிஐ லைட்டில், அதாவது சின்னச் செலவுக்கென்று தனியாக ஒதுக்கும் இடத்தில், பணம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள், அதற்கு யூபிஐ பின் கேட்காது. ஒரு தடவைக்கு ஆயிரம், மொத்தம் ஐயாயிரம் வரை வைக்கலாம் என்று உயர்த்திவிட்டார்கள். நான் ஐந்நூறுக்கு மேல் வைப்பதில்லை.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இன்னொன்று. அமைப்புகளில் கூகுள் என்ற பகுதிக்குப் போனால் திருட்டுப் பாதுகாப்பு என்று இருக்கும். போனை யாரோ வெடுக்கென்று பிடுங்கி ஓடுகிற மாதிரி அசைவு தெரிந்தால் அதுவாகவே திரையைப் பூட்டிக்கொள்ளும். 2024இல் முதலில் பிரேசிலில் சோதித்துவிட்டு எல்லோருக்கும் விட்டார்கள், ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். அதே இடத்தில் தொலைவிலிருந்து பூட்டும் வசதியும் இருக்கும், போட்டு வைத்தால் யார் போனிலிருந்து வேண்டுமானாலும் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற பக்கத்துக்குப் போய் உங்கள் நம்பரை மட்டும் கொடுத்துப் பூட்டலாம், கூகுள் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டியதில்லை. பதற்றத்தில் யாருக்குக் கடவுச்சொல் நினைவுக்கு வரும்? பக்கத்து சீட்டுக்காரரின் போனை வாங்கி இரண்டு நிமிடத்தில் செய்திருக்கலாம்.

தயிர்சாதம்

வெடுக்கென்று பிடுங்கினால் பூட்டுமாம். எங்கள் பேரன் தினமும் மருமகள் கையிலிருந்து அப்படித்தான் பிடுங்குகிறான், ஒரு தடவைகூடப் பூட்டவில்லை.

மின்மினி_72

பேரன் பிடுங்கிவிட்டு ஓடுகிறானா, உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிறானா? :) எப்போதும் பூட்டும் என்று கூகுளே சொல்லவில்லை. எனக்கு ஒரு தடவை 21ஜி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது பூட்டியது.

நீலகிரித்தைலம்

பேரன் பேச்சு வந்ததால். குழந்தையிடம் போனைக் கொடுக்கும்போது ஒரே செயலியில் நிறுத்தி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் என்ற வசதி, ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று தடவை அமுக்கும் வசதி. வெளியே வர லாக் கேட்கும்படி வைக்க வேண்டும், அதுதான் முக்கியம். பஸ் ஸ்டாண்டில் "ஒரு கால் பண்ணிக்கிறேன்க்கா" என்று கேட்பவர்களுக்கு நான் போனைக் கொடுப்பதே இல்லை, நம்பரைக் கேட்டு நானே அடித்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்வேன். சில பேர் முகம் சுளிப்பார்கள். வாட்ஸ்அப்பை இன்னொரு கணினியில் இணைக்கப் பத்து விநாடி போதும், அப்புறம் மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்கலாம். இணைந்த சாதனங்கள் என்ற பட்டியலை வாரம் ஒரு தடவை பாருங்கள்.

அம்மாக்களைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அம்மா மளிகைக் கடையில் போனை அண்ணாச்சி கையில் கொடுத்து "நீயே அடிச்சுக்கப்பா, நம்பர் ரெண்டு ஆறு..." என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பின்னைச் சொல்கிறார். திட்டினால் "அண்ணாச்சி என்ன திருடனா" என்று என்னிடம் கோபம். போன மாதம் அவருடைய தொடர்புப் பட்டியலைப் பார்த்தேன், "ஏடிஎம் மாமா" என்று ஒருவர். அப்படி எங்களுக்கு மாமாவே கிடையாது. நம்பரின் கடைசி நான்கு இலக்கம் ஏடிஎம் பின்.

உப்புக்காற்று

ஏடிஎம் மாமா எங்கள் வீட்டிலும் இருந்தார். இறந்துபோன தாத்தா பெயரில்.

சிராங்கூன்வாசி

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே பெரிய வங்கிகள் 2023 நவம்பரில் ஒரு வசதி கொண்டுவந்தார்கள், கணக்கில் ஒரு தொகையைப் பூட்டி வைத்துவிடலாம், இணையத்தின் வழியாக அதை வெளியே அனுப்பவே முடியாது, திறக்க வேண்டுமானால் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போக வேண்டும். அதற்கு முன்பே, சந்தேகம் வந்தால் கணக்கு மொத்தத்தையும் நாமே முடக்கும் வசதியும் வந்துவிட்டது. ஊரில் அம்மா கணக்குக்கு அப்படிக் கேட்டேன், கிளையில் விழித்தார்கள். நீலகிரித்தைலம் சொன்ன இரண்டு கணக்கு முறைதான் இப்போதைக்கு வழி.

கணக்குப்பிள்ளை

நிரந்தர வைப்பில் போட்டு, இணையத்தில் உடைக்கும் வசதியை எடுத்துவிடச் சொல்லிக் கிளையில் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். கார்டுக்கு வேறு வழி இருக்கிறது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். இந்தியத் தளங்கள் ஓடிபி கேட்கும், வெளிநாட்டுத் தளங்கள் பல கேட்காது, கார்டு எண்ணும் பின்பக்கம் உள்ள மூன்று இலக்கமும் போதும். கார்டின் படம் பறிபோனவர்கள் யூபிஐயை மட்டும் பார்த்துவிட்டுக் கார்டை மறந்துவிடுவார்கள். பரங்கிமலைத் தம்பி, கார்டை முடக்கிப் புதிது கேட்டீர்களா?

பரங்கிமலைப்பையன்

இல்லை சார், தோன்றவே இல்லை. இப்போதே செய்கிறேன்.

குமரித்தென்றல்

ஐபோன் வைத்திருப்பவர்கள் திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு என்பதைப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் மதுக்கடைகளில் பாஸ்கோடு அடிப்பதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு போனையும் பிடுங்கி, சில நிமிடத்தில் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றி உரிமையாளரை வெளியே தள்ளியிருக்கிறார்கள். 2023இல் பத்திரிகையில் விரிவாக வந்தது, 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3இல் இந்த வசதியை விட்டார்கள். வீடு, அலுவலகம் மாதிரி பழகிய இடத்தில் இல்லாதபோது சேமித்த கடவுச்சொல்லைப் பார்க்க முகமோ விரலோதான், பாஸ்கோடு செல்லாது. ஆப்பிள் கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி முகம் காட்ட வேண்டும்.

சோல்டரிங்கம்பி

போன் போன பிறகு செய்வதில் ஒரு வரிசைச் சிக்கல் இருக்கிறது, பல பேர் மாட்டுகிறார்கள். நகல் சிம் வாங்கினால் பழைய சிம் உடனே செத்துவிடும், நல்லது. ஆனால் புது சிம்முக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க அரசே வைத்த விதி. திருடுபோன போனை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க அந்த நம்பருக்கு ஓடிபி வர வேண்டும், போலீஸ் புகார் நகலும் வேண்டும். ஆக அது அடுத்த நாள் வேலை. முதல் நாள் சிம், 1930, வங்கி, அவ்வளவுதான். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை இப்போதே, இதைப் படிக்கும்போதே, *#06# அடித்துப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். தயவுசெய்து அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அதே போனில் வைக்காதீர்கள், சிரிக்காதீர்கள், செய்கிறார்கள்.

வைகைக்கரை

ஆதார், லைசென்ஸ் எல்லாம் படமாக வைக்காமல் எப்படி? போலீஸ் நிறுத்தினால் காட்ட வேண்டாமா?

மின்மினி_72

ஆவணங்களை வைக்க அரசின் டிஜிலாக்கர் செயலி இருக்கிறதே, அதற்குத் தனிப் பின் உண்டு, போக்குவரத்துப் போலீஸும் ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பின்னை மட்டும் போனின் பின்னாகவே வைக்காதீர்கள். கார்டை நினைவில் வைக்க முடியாதவர்கள் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தானே பிளாஸ்டிக்கில் அடித்துக் கொடுக்கிறார்கள். கேலரியில் அழித்தால் குப்பைத்தொட்டியிலும் அழிக்க வேண்டும், கூகுள் போட்டோஸில் அறுபது நாள் வரை கிடக்கும்.

பரங்கிமலைப்பையன்

கொஞ்சம் தகவல். கார்டு முடக்கியாகிவிட்டது. கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி நேரத்தோடு எழுதிக் கொடுத்தோம், மேலாளர் வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தார், முதல் நாள் பேசிய தொனி இல்லை. பணத்தில் 9,800 அடுத்த கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாக சைபர் பிரிவிலிருந்து சொன்னார்கள், அது எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. புதுப் போனில் தம்பி எல்லாவற்றுக்கும் விரல் பூட்டு போட்டுவிட்டான், இப்போது டீக்கடையில் அவன் பின்னால் நிற்பவர்களுக்குத்தான் எரிச்சல்.

அப்பாவின் போனையும் நேற்று எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் "பேங்க் பெரியப்பா".

நீலகிரித்தைலம்

அழிப்பதற்கு முன் பின்னை மாற்றிவிடுங்கள். எங்கள் அம்மா மாமாவை அழித்த மறுநாளே ஏடிஎம்மில் நின்று எனக்கு போன் செய்தார்.